நட்சத்திரங்களோடு கப்பல் பயணம்: பணம் கட்டும் முன் என்ன பார்க்கணும்?

சித்தூர், திருப்பதியில இருக்கீங்களா? கப்பல் ஏற உங்களுக்குப் பக்கம் சென்னைத் துறைமுகம்தான். 2022 ஜூனில் இங்கிருந்து கார்டிலியா சொகுசுக் கப்பல் சேவை தொடங்கியது. ஆனா, அது பொதுவான சுற்றுலா. பிரபலங்களுக்காகவே நடக்கும் பயணம் வேற ரகம்.

என்ன கிடைக்கும்?
2011-ல் அமெரிக்காவில் தொடங்கிய 'கிஸ் க்ரூஸ்' நல்ல உதாரணம். ராக் இசைக்குழு கப்பலிலேயே கச்சேரி நடத்தியது. ஒவ்வொரு கேபின் பயணிகளும் குழுவோடு போட்டோ எடுத்துக்க முடிஞ்சது. அதுக்காக, நட்சத்திரம் நாள் முழுக்க உங்க பக்கத்துலயே இருப்பார்னு நினைக்காதீங்க.

செலவு?
கேபின், சாப்பாடு பொதுவா கட்டணத்திலேயே அடங்கும். மது, வைஃபை, டிப்ஸ் பெரும்பாலும் தனி.

முக்கியமா ஒண்ணு
நட்சத்திரம் வரலைன்னா பணம் திரும்ப வருமா? 'நிகழ்ச்சிகள் மாறலாம்'னு ஒரு வரி நிபந்தனைகளில் இருக்கும். அதைப் படிச்சுட்டுப் பணம் கட்டுங்க.