கடலடி ஒளிப்படம்: முழுச்சட்டமா, குறுஞ்சட்டமா?

தோட்டப்பள்ளி ஆசிரியர் ஒருவர், பல்லாண்டுச் சேமிப்பை ஒரு கருவிக்குச் செலவிட எண்ணி, “பாயார் தீவின் பவளங்களை நீருக்கடியில் படம் எடுத்து மாணவர்க்குக் காட்ட வேண்டும். முழுச்சட்டக் கேமரா வாங்குவதா, சிறிய சட்டமுள்ளதை வாங்குவதா?” என்று அண்மையில் எம்மை வினவினார். பெண்டாங் வட்டாரம் நெல்வயலும் பால்மரமும் சூழ்ந்த உள்நாடு. நம் பிள்ளைகளுள் பலர் ஆற்றுநீரையும் வாய்க்கால்நீரையும் அறிவர்; பவளத்தை அறியார். ஆதலின் ஆசிரியரின் நோக்கம் போற்றத்தக்கதே. ஆனால் கடைக்காரர் கூறும் விடையும் கடல் கூறும் விடையும் ஒன்றாக இருப்பதில்லை.

முதற்கண் சொற்களைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். போட்டோ என்பதைப் புகைப்படம் என்று இன்றும் பலர் எழுதுகின்றனர். இதில் புகை எங்கே உளது? ஒளியால் வரையப்படுவதால் ஒளிப்படம் என்பதே பொருந்தும். பழைய கருவிகளில் ஒளி படச்சுருளின்மீது விழுந்தது. இக்காலக் கருவிகளில் ஒளியுணரி என்னும் தகட்டின்மீது விழுகின்றது. அத்தகடு 36 மில்லிமீட்டர் நீளமும் 24 மில்லிமீட்டர் அகலமும் உடையதாயின் அது முழுச்சட்டம். ஏறத்தாழ 23.5க்கு 15.6 மில்லிமீட்டர் உடையதாயின் அதனைக் குறுஞ்சட்டம் என்று இங்கு வழங்குவோம்.

36, 24 என்னும் அளவு எங்கிருந்து வந்தது? திரைப்படச் சுருளைப் பயன்படுத்தி 1925இல் விற்பனைக்கு வந்த லைக்கா கருவியால் நிலைபெற்றது அது. 1963இல் வெளிவந்த நிக்கோனாஸ் என்னும் நீர்புகாக் கருவியும் அவ்வளவையே கொண்டது. இலக்கமுறைக் கருவிகள் தோன்றிய பின்னரே, பெரிய தகடு செய்யும் செலவு கருதிச் சிறிய தகடு பரவியது. எனவே “முழு” என்பது பழைய சுருளின் அளவைக் குறிக்கும் சொல்லேயன்றி நிறைவைக் குறிக்கும் சொல் அன்று. இப்பெயரில் மயங்கிப் பணம் இழப்போர் பலர்.

பெரிய தகட்டால் பயன் இல்லை என்று யாம் கூறவில்லை. தோட்டத்தில் பால்மரத்தில் கட்டும் மங்கை நினைத்துப் பாருங்கள். பெரிய மங்கு ஒன்றையும் சிறிய மங்கு ஒன்றையும் ஒரே மழையில் வைத்தால், வாய் அகன்றதில் மிகுதியான நீர் சேரும். முழுச்சட்டத்தின் பரப்பு குறுஞ்சட்டத்தைப் போல் ஏறக்குறைய 2.3 மடங்கு. அத்தனை மடங்கு ஒளி அதில் சேர்வதால், மங்கிய வெளிச்சத்திலும் புள்ளியும் பிசிறும் குறைந்த படம் கிடைக்கின்றது. நிலத்தில் இவ்வுண்மைக்கு மறுப்பில்லை.

நீருக்குள் நிலை வேறு. அங்கே கேமரா ஒரு பெட்டிக்குள் இருக்கின்றது. முன்னே கண்ணாடி உள்ளது. அக்கண்ணாடி தட்டையாக இருப்பின், நீரின் ஒளிவிலகல் எண் 1.33 ஆதலால், பொருள்கள் மூன்றிலொரு பங்கு பெரிதாகித் தோன்றும். காட்சியின் அகலமும் சுருங்கிவிடும். இதனைத் தவிர்க்கவே, அகன்ற காட்சிக்குக் குவிமாட வடிவக் கண்ணாடி பொருத்துவர். அக்குவிமாடமோ நீரோடு சேர்ந்து தானே ஒரு வில்லையாகிவிடுகின்றது. நெடுந்தொலைவில் உள்ள காட்சிகூடக் கண்ணாடிக்கு முன்னே, குவிமாடத்தின் ஆரத்தைப் போல் மும்மடங்குத் தொலைவில் உருவமாக நிற்கும். ஆரம் 10 சென்டிமீட்டர் என்றால் அவ்வுருவம் ஏறத்தாழ 30 சென்டிமீட்டரில் நிற்கும். அதுவும் நேராக நிற்பதில்லை. கிண்ணம் போல் வளைந்து நிற்கும். நடுப்பகுதியைத் தெளிவாக்கினால் மூலைகள் கலங்கும்.

மூலைகளும் தெளிய வேண்டுமாயின் வில்லையின் துளையைச் சுருக்க வேண்டும். எவ்வளவு சுருக்குவது என்பதில்தான் தேர்வின் உயிர்நிலை உள்ளது. ஒரே அகலக் காட்சிக்குக் குறுஞ்சட்டத்தில் துளை எண் எஃப் 8 போதுமாயின், முழுச்சட்டத்தில் அதே தெளிவுக்கு எஃப் 12 அளவில் வைத்தல் வேண்டும். அவ்வாறு சுருக்கும்போது தகட்டில் ஒவ்வொரு சிறு இடத்திலும் விழும் ஒளி பாதிக்கும் கீழாகக் குறைந்துவிடும். பெரிய மங்கை வைத்து, அதன் வாயில் பாதிக்கு மேல் ஓலையால் மூடிவிட்டது போல! சேரும் நீர் சிறிய மங்கில் சேர்வதே ஆகும். அதிகப் பணம் கொடுத்து வாங்கிய ஆதாயம் குவிமாடத்தின் வாசலிலேயே கரைந்துவிடுகின்றது. இதனை ஈடு செய்ய வலிமை மிக்க பிளாஷ் விளக்கும் பெரிய குவிமாடமும் தேவைப்படும். பெரிய குவிமாடத்துள் காற்று மிகுதி. அது மிதந்து மேலெழும். கையாள்வோரின் மணிக்கட்டை வருத்தும்.

இனிப் பாயார் தீவுக்கு வருவோம். லங்காவிக்குத் தெற்கே பாயார், காச்சா, லெம்பு, செகாந்தாங் என்னும் 4 தீவுகள் கடற்பூங்காவாகக் காக்கப்படுகின்றன. மலாக்கா நீரிணையைச் சார்ந்த நீர் ஆதலின் வண்டலும் நுண்ணுயிர்களும் மிகுதி. பல நாட்களில் சில மீட்டருக்கு அப்பால் பொருள் மங்கிவிடும். விடியற்காலையில் நெற்றிவிளக்கோடு மரம் வெட்டச் செல்வோர்க்கு மூடுபனியின் தொல்லை தெரியும்: விளக்கைக் கூட்டினால் மரம் தெரிவதில்லை, பனிதான் வெள்ளையாகத் தெரியும். கலங்கிய நீரில் பிளாஷ் விளக்கும் அவ்வாறே துகள்களை ஒளிரச் செய்து படத்தைக் கெடுக்கும். இக்குறையை எந்தத் தகடும் தீர்க்காது. நெருங்கிச் செல்வதொன்றே வழி. பொருளுக்கும் கண்ணாடிக்கும் இடையே உள்ள நீரைக் குறைக்க வேண்டும். விளக்குகளைப் பக்கவாட்டில் விலக்கிப் பிடிக்க வேண்டும். கண்ணுக்கு 5 மீட்டர் தெரிந்தால், 1 மீட்டருக்குள் நின்று எடுப்பது நலம்.

நெருங்கி எடுப்பதற்குக் குறுஞ்சட்டம் மிகவும் இசைவானது. மீன்கண் வில்லை எனப்படும் வகை, ஏறக்குறைய 180 பாகைக் காட்சியைக் கொடுப்பதுடன் குவிமாடத்தைத் தொடும் அளவு நெருங்கிய பொருளையும் தெளிவாகக் காட்டும். குறுஞ்சட்டத்துக்கென்றே அமைந்த தோக்கினா 10–17 மில்லிமீட்டர் வில்லையை முக்குளிப்போர் நெடுங்காலம் விரும்பியதற்கு இதுவே காரணம்; உள்ளங்கையில் அடங்கும் குவிமாடமே அதற்குப் போதும். ஓடில்லாக் கடல்நத்தை போன்ற சிற்றுயிர்களுக்கும் இவ்வாறே. 2 சென்டிமீட்டர் உயிர் இயல்பளவில் விழும்போது குறுஞ்சட்டத்தை ஏறத்தாழ நிறைத்துவிடும். முழுச்சட்டத்தில் சுற்றிலும் வெற்றிடம் எஞ்சும்.

அப்படியாயின் முழுச்சட்டம் யாருக்கு? கீழைக் கரையின் ரெடாங், தியோமான் போன்ற தெளிந்த நீரில், பிளாஷ் விளக்கின்றி, இயற்கை ஒளியில் கப்பற்சிதைவுகளையும் சுறாக்களையும் எடுப்போர்க்கு. ஆழம் கூடக்கூடச் செந்நிறம் நீரில் உறிஞ்சப்பட்டுப் போகும். எஞ்சிய சிறிது சிவப்பை மீட்டெடுக்கப் பெரிய தகடு உதவும். படத்தைச் சுவரளவு பெரிதாக்கி விற்போர்க்கும் அது தகும். பள்ளிச் சுவரில் ஒட்டும் படத்துக்கு வேண்டுவதில்லை.

தமிழர்க்குக் கடலடி ஒளிப்படம் அயலானதன்று என்பதை ஈண்டுக் குறிப்பிடலாம். போர்த்துக்கீசியர் 17ஆம் நூற்றாண்டில் இடித்த திருக்கோணேச்சரத்தின் சிதைவுகளை, 1956இல் மைக் வில்சன் என்பார் திருகோணமலைக் கடலடியில் கண்டு படமெடுத்தார். இலிங்கமும் அங்குக் கிடைத்தது. பார்த்தேன் என்ற சொல்லைவிடப் படம் வலியதாக நின்றது.

நம் பவளங்களுக்கும் அத்தகைய சான்று தேவை. 2010இல் கடல்நீர் வெப்பம் மிகுந்து பவளங்கள் வெளுத்தபோது, ரெடாங், தியோமான், பாயார் தீவுகளில் சில முக்குளிப்பிடங்கள் சிறிது காலம் மூடப்பட்டன. ஆண்டுதோறும் அதே பவளத்தை, அதே தொலைவில், அதே விளக்கில் எடுத்து வைத்தால்தான் வெளுத்ததா தேறியதா என்று மாணவர்க்குக் காட்ட முடியும். ஒருமுறை சென்று எடுத்த அழகிய படத்தால் அது இயலாது. ஆகவே மீண்டும் மீண்டும் சென்று வரப் படகுக்கூலி மிஞ்ச வேண்டும். நீர்காப்புப் பெட்டியின் விலை பல வேளைகளில் கேமராவின் விலைக்குச் சமமாகவோ மேலாகவோ இருக்கும் என்பதையும் கணக்கில் கொள்க.

அவ்வாசிரியர்க்கு யாம் கூறிய விடை: பயன்படுத்தப்பட்ட நல்ல குறுஞ்சட்டக் கேமரா ஒன்று, அதற்குரிய பெட்டி, மீன்கண் வில்லை, சிறு குவிமாடம், இரண்டு பிளாஷ் விளக்குகள். பணம் அதற்கும் எட்டாதாயின், பெட்டியின்றியே 15 மீட்டர் வரை இறங்கவல்ல ஒலிம்பஸ் டி.ஜி. வகைச் சிறு கேமராவும் சிற்றுயிர்ப் படத்துக்கு உதவும். அதன் தகடு குறுஞ்சட்டத்தினும் மிகச் சிறியது என்பது உண்மையே. எதை வாங்கினும் முக்குளிப்பை முதலில் கற்றுக்கொள்ள வேண்டும். மிதப்பை அடக்கத் தெரியாதவர் பவளத்தை மிதித்து ஒடித்துவிடுவார். பெட்டி வாங்கியதும் கேமராவை உள்ளே வைக்காமல், வெறும் பெட்டியை மட்டும் நீரில் இறக்கிச் சோதித்தல் வேண்டும். அதன் வளையத்தில் ஒரு தலைமயிரோ மணலோ ஒட்டியிருந்தாலும் நீர் அவ்வழியே புகுந்துவிடும்.