ஒரே நேரத்தில் இரு செவி



1907 ஆம் ஆண்டில் சென்னை விக்டோரியா மண்டபத்தில் செய்குத்தம்பிப் பாவலர் சதாவதானம் நிகழ்த்தினார். வினவுவோர் பலராயினும் ஒருவருக்காக மற்றவரை மறத்தல் அவதானிக்கு ஆகாது. எவரிடம் எங்கே நிறுத்தினோம் என்பதை நினைவிற்கொண்டு மீளவேண்டும். கணிப்பொறி நிரலுக்கும் இக்கலை வேண்டுமென்பதை நான் முதுமையில்தான் கற்றேன்.

பணி ஓய்வுக்குப்பின் மாகறலில் இருந்தபடி, வெளியூரிற் படிக்கும் பேரனோடு உரையாட ஒரு சிறு நிரலை எழுதினேன். மொழி, 1975 இல் ஜெரால்ட் சஸ்மனும் கய் ஸ்டீலும் அமைத்த ஸ்கீம். முதலில் விசைப்பலகையிலிருந்து ஒரு வரியைப் படி. பிறகு வலையிணைப்பிலிருந்து ஒரு வரியைப் படி. இதுவே என் நிரலின் முறை.

ஒருநாள் நீண்ட அறிவுரை ஒன்றைத் தட்டிக்கொண்டிருந்தேன். அரைமணி கழித்து வரியை முடித்ததும் அவன் செய்தி திரையில் தோன்றியது: "தாத்தா, கடுங்காய்ச்சல். மருத்துவமனைக்குப் போகிறேன்." செய்தி தாமதமாக வரவில்லை. இயங்குதளம் அதனை எப்போதோ பெற்று வைத்திருந்தது. என் நிரலோ விசைப்பலகையின் வாயிலிலேயே காத்துக் கிடந்தது.

இதற்குப் பரிகாரம் யாது? ஒன்றிற்காக மட்டும் காத்திராமல், இரண்டிற்கும் சேர்த்துக் காத்திருத்தலே. 1983 இல் வெளிவந்த பெர்க்லி யூனிக்ஸ் 4.2 பதிப்பில் 'செலக்ட்' என்னும் அழைப்பு இதற்கென அமைந்தது. கைல் ஸ்கீமிலும் அப்பெயரிலேயே உண்டு. விசைப்பலகையையும் இணைப்பையும் ஒரு பட்டியலாகக் கொடுத்தால், எதில் செய்தி வந்துளதோ அதனை அது அறிவிக்கும். ஸ்கீமின் வழிவந்த ராக்கெட் மொழியில் வேறொரு வழியும் உண்டு: ஒவ்வொன்றிற்கும் தனி 'இழை' வைத்தால், ஓர் இழை காத்திருக்கையில் மற்றது இயங்கும்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. செய்தி வந்துளது என்றால் முழுவரியும் வந்துளது என்று பொருளன்று. பாதி வரி வந்திருக்க, முழுவரியைப் படிக்க முனைந்தால் நிரல் மீண்டும் உறைந்துவிடும். ஆகவே வந்த எழுத்துக்களை மட்டும் எடுத்து, வரி முடியும்வரை தனியே சேர்த்து வைத்தல் வேண்டும். எதிர்முனை இணைப்பைத் துண்டித்தாலும் 'செலக்ட்' ஓயாமல் அறிவிக்கும். உடனே அவ்விணைப்பைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுக.

பேரன் நலமடைந்தான். நீங்களும் இத்தகைய நிரலை எழுதினால், ஒருவரைப் பாதி வரியில் நிறுத்தச் சொல்லிச் சோதித்துப் பாருங்கள்.