நெசுகோவின் பெட்டிக்குள் எட்டிப் பார்க்கலாமா?

பதினைந்து கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற ஒரு காமிக்ஸை வரைந்தவரின் போட்டோ வேண்டும் என்று தேடினால் ஒரு முதலைதான் கிடைக்கும். கண்ணாடி போட்ட முதலை! கோயோஹாரு கோதோகே என்பது புனைபெயர். முகம் காட்டியதே இல்லை. தன்னைப் பற்றி வாசகரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அந்த முதலையை வரைந்து அதன் வாயில் சொல்ல வைப்பார். அதனால் ஜப்பான் ரசிகர்களுக்கு அவர் 'முதலை வாத்தியார்'. நம் வீட்டுப் பிள்ளைகள் 'டீமன் ஸ்லேயர்' என்று உயிரை விடுகிறார்களே, அந்த அரக்க வேட்டைக் கதை பிறந்தது இந்த முதலையின் மேசையில்தான்.

2025 செப்டம்பர் 12ஆம் தேதி அந்தக் கதையின் 'இன்ஃபினிட்டி காசில்' படம் இந்தியத் தியேட்டர்களுக்கு வந்தது. ஜப்பானிய மொழி, ஆங்கிலம், இந்தி, தெலுங்கு, அப்புறம் தமிழ். தமிழ்! புதுச்சத்திரத்தில் பஸ் ஏறினால் ஒரு பக்கம் நாமக்கல், மறுபக்கம் ராசிபுரம், சேலம். இந்த நெடுஞ்சாலை ஊர்களில் பத்தாம் வகுப்புப் பையனின் ரஃப் நோட்டைப் பிரித்துப் பாருங்கள். கடைசிப் பக்கத்தில் கட்டம் போட்ட மேலங்கியோடு ஒரு வாள்வீரன் நிற்பான். இத்தனை பேர் கொண்டாடும் ஒன்றை உள்ளே போய்ப் பார்க்காமல் இருந்தால் எப்படி? வாருங்கள், பின்வாசல் வழியாகப் போவோம்.

கதை தெரியாதவர்களுக்குச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். சுமார் நூறு வருடத்துக்கு முந்தைய, தைஷோ காலத்து ஜப்பான். மலையில் கரி சுட்டு விற்கும் வீட்டின் மூத்த பையன் தன்ஜிரோ. ஒருநாள் அவன் ஊருக்குள் கரி விற்கப் போன நேரத்தில் அரக்கன் வந்து குடும்பத்தையே கொன்றுவிடுகிறான். மிஞ்சிய ஒரே தங்கை நெசுகோவும் அரக்கியாகிவிடுகிறாள். அவளை மறுபடி மனுஷியாக்க வழி தேடி, வெயில் படாத மரப்பெட்டியில் உட்காரவைத்து முதுகில் சுமந்துகொண்டே கிளம்புகிறான் அண்ணன். அவ்வளவுதான் கதை. ஆனால் அந்தப் பெட்டிக்குள் என்னென்ன வேலைகள் அடைந்து கிடக்கின்றன தெரியுமா!

முதலில், இந்தக் கதை தொடராக வந்த 'ஷோனென் ஜம்ப்' வாரப் பத்திரிகை. திங்கட்கிழமைதோறும் வரும், மலிவுத் தாளில் டெலிபோன் டைரக்டரி கனத்துக்கு. ஒரு தொடருக்கு வாரம் ஏறக்குறைய 19 பக்கம். இதழோடு ஓர் அஞ்சலட்டை இருக்கும். எந்தத் தொடர் பிடித்தது என்று வாசகர்கள் எழுதிப் போட வேண்டும். அட்டை குறைந்தால் தொடர் காலி, தயவு தாட்சண்யம் கிடையாது! அந்தக் கத்திமுனையில் 2016 பிப்ரவரியிலிருந்து 2020 மே வரை 205 அத்தியாயங்கள் நடந்தார் கோதோகே. உச்சத்தில் இருந்த தொடரை இழுக்காமல், கதை முடிந்த இடத்தில் முடித்தும் விட்டார். இந்தத் துணிச்சலுக்காகவே அந்த முதலைக்கு ஒரு மாலை போடலாம்.

முதலை வாத்தியாரிடம் எனக்கு ரொம்பப் பிடித்தது அவருடைய கிசுகிசுக்கள். அத்தியாயங்களுக்கு நடுவில் மிச்சமாகும் இடத்தில், யாருக்கு என்ன சாப்பாடு பிடிக்கும், யார் வீட்டில் என்ன நடந்தது என்று காதோடு காதாகச் சொல்வதுபோல் குட்டிக் குறிப்புகள் எழுதுவார். கதையின் கார்ட்டூன் வடிவமான அனிமேயிலும் எபிசோடு முடிந்ததும் பாத்திரங்களே வந்து 'தைஷோ காலத்து ரகசியம்' சொல்லிவிட்டுப் போவார்கள். ஒரு பெரிய ரகசியம் கேளுங்கள். தன்ஜிரோ வாளைச் சுழற்றினால் அலை அலையாகத் தண்ணீர் பாய்கிறதே, கதைப்படி அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை! மூச்சை அடக்கி ஆளும் பயிற்சியின் வேகத்தில், பார்ப்பவர் கண்ணுக்கு அப்படித் தோன்றுகிறது.

இல்லாத தண்ணீரை அனிமேயில் எப்படிக் காட்டுவது? இங்கேதான் யூஃபோடேபிள் ஸ்டூடியோ வருகிறது. 2000இல் தொடங்கிய நிறுவனம். டோக்கியோவிலும் தொகுஷிமாவிலும் வேலைக்கூடங்கள். அவர்கள் நிஜத் தண்ணீரைத் தேடிப் போகவில்லை. ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் புகழ்பெற்ற பேரலை ஓவியத்தை நினைத்துப் பாருங்கள். மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்த அந்தக் காலத்துப் படங்களில் அலை தடித்த கோடுகளாக வளைந்து, நுனியில் நுரை விரல் விரலாகப் பிரியும். அதே அலையைத்தான் வாளின் பின்னால் ஓடவிட்டார்கள். ஆட்களைக் கையால் வரைகிறார்கள். இடத்தைக் கம்ப்யூட்டரில் முப்பரிமாணமாகக் கட்டுகிறார்கள். கோட்டின் தடிமன், நீலத்தின் அடுக்கு, நுரையின் ஒளி, கத்தியில் பட்டுத் தெறிக்கும் மினுமினுப்பு எல்லாவற்றையும் கடைசியில் ஒன்றாக ஒட்டுவதற்குத் தனிக் குழு இருக்கிறது. செல்லுலாய்டு தாளைக் கேமராவுக்கு அடியில் வைத்துப் படம் பிடித்த காலத்துப் பழக்கத்தில் அந்தக் குழுவை இன்றும் 'படப்பிடிப்பு' என்றே அழைக்கிறார்கள். அதன் இயக்குநர் யூயிச்சி தெராவோ. மற்ற பல ஸ்டூடியோக்கள் இந்த வேலையை வெளியில் கொடுத்துவிடும். யூஃபோடேபிளில் வரைகிறவர், வண்ணம் தீட்டுகிறவர், முப்பரிமாணம் செய்கிறவர், ஒட்டுகிறவர் எல்லாரும் ஒரே நிறுவனத்து ஆட்கள். நாமக்கல் பட்டறைக்கு வெறும் சேஸிஸாக உள்ளே போகும் லாரி, பாடி கட்டி, பெயின்ட் அடித்து, திருஷ்டிப் படம் எழுதி முழு லாரியாக வெளியே வருமே, அப்படி!

இந்தக் கூட்டு வேலை எங்கே வெடித்தது என்று கேட்டால் எந்த ரசிகரும் யோசிக்காமல் சொல்வார்: 19ஆவது எபிசோடு. 2019 ஆகஸ்டில் ஒளிபரப்பானது. சிலந்தி அரக்கனிடம் சிக்கித் தோற்கப்போகும் நொடியில் தன்ஜிரோவுக்கு அப்பா ஆடிய நடனம் ஞாபகம் வருகிறது. புத்தாண்டின்போது பனியில் நின்று, சூரியன் சாய்ந்ததிலிருந்து உதிக்கும்வரை விடாமல் ஆடும் குடும்ப வழிபாட்டு ஆட்டம் அது. நம் ஊரில் நோன்பிருந்து விடிய விடியத் தெருக்கூத்து ஆடுகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு அந்த மூச்சுக்கணக்கு சொல்லாமலே புரியும். அந்த நொடியில் வாளின் தண்ணீர் நெருப்பாக மாறுகிறது! கோ ஷீனா இசையமைத்து நாமி நகாகவா பாடிய தாலாட்டு மாதிரியான பாட்டு சண்டைக்கு நடுவே மெதுவாக எழும். பாட்டு அப்படியே ஓடிக்கொண்டிருக்க, அதன் மேலேயே பெயர்ப் பட்டியலும் ஓடும். உடம்பு சிலிர்க்காதவர் யாரும் இருக்க முடியாது என்று நான் அடித்துச் சொல்வேன். அதற்கப்புறம்தான் மங்கா, அதாவது அந்தக் காமிக்ஸின் விற்பனை தீப்பிடித்தது. அடுத்த வருடம் வந்த 'முகென் ட்ரெயின்' படம் ஜப்பானில் மட்டும் 4,000 கோடி யென்னைத் தாண்டி, இயக்குநர் மியாசாகியின் 'ஸ்பிரிட்டட் அவே' வைத்திருந்த சாதனையை முறியடித்தது.

குரல் கூடத்துக்குப் போவோம். ஜப்பானில் மைக்குகளை வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். நடிகர்கள் கையில் ஸ்கிரிப்டோடு பின்னால் காத்திருந்து, தங்கள் வசனம் வரும்போது சத்தமில்லாமல் மைக்குக்கு வந்து பேசிவிட்டு நகர்வார்கள். தன்ஜிரோவுக்கு நத்சுகி ஹனாயே. பன்றித்தலை போட்டுக்கொண்டு கரகரவென்று கத்தும் இனோசுகேவுக்கு யோஷித்சுகு மத்சுவோகா. 'ஸ்வார்டு ஆர்ட் ஆன்லைன்' நாயகனுக்குக் குழைந்து பேசிய அதே ஆள்! நெசுகோவுக்குக் குரல் கொடுக்கும் அகாரி கிதோவின் நிலைமைதான் அதிசயம். வாயில் மூங்கில் கட்டிய பெண்ணுக்கு வசனமே கிடையாது. கோபம், பாசம், தூக்கம் எல்லாமே முனகல்தான். ஆனாலும் ஒவ்வொரு முனகலும் தனித்தனியாகப் புரிகிறது.

தமிழ் டப்பிங்குக்கு இதில் ஒரு வசதி உண்டு. ஜப்பானிய அனிமேயில் வாயைப் பெரும்பாலும் மூன்று நிலையில்தான் வரைவார்கள்: மூடியது, பாதி, திறந்தது. நிஜ நடிகரின் உதட்டோடு மல்லுக்கட்டும் அவஸ்தை இல்லை. தமிழைப் போலவே ஜப்பானிய வாக்கியத்திலும் வினை கடைசியில்தான் வரும் என்பதால், அதிர்ச்சிச் சொல் விழ வேண்டிய இடத்திலேயே விழுகிறது. கஷ்டம் மூச்சில் இருக்கிறது. இந்தக் கதையின் சண்டையே மூச்சுதான். இழுப்பது, அடக்குவது, சீறுவது, அலறுவது எல்லாவற்றையும் தமிழ்க் கலைஞர் தன் தொண்டையிலிருந்து புதிதாகத் தர வேண்டும். தன்ஜிரோவின் தோழன் ஸெனிட்சுவின் ஓயாத அலறலை ஒருநாள் முழுக்கக் கத்திவிட்டு வீட்டுக்குப் போகிறவரை நினைத்துப் பாருங்கள்!

'இன்ஃபினிட்டி காசில்' என்ற அந்த அரக்கர் கோட்டையைச் சொல்லியே ஆக வேண்டும். மேலே தரை, கீழே கூரை, பக்கவாட்டில் படிக்கட்டு. நாகிமே என்ற அரக்கி பீவா என்னும் நரம்பு வாத்தியத்தை ஒருமுறை மீட்டினால் அறைகள் எல்லாம் இடம் மாறும். மங்காவில் கோதோகே கறுப்பு வெள்ளைக் கோடுகளாகக் கீறிவிட்டுப் போனதை, யூஃபோடேபிள் முப்பரிமாணத்தில் கட்டி எழுப்பியது. ஆட்கள் அதற்குள் தலைகீழாக விழ, கேமராவும் கூடவே விழும். பெரிய திரையில் வயிற்றைக் கலக்கும்.

வீடியோ கேம்காரர்கள் பாடு இன்னும் பெரிது. ஃபுகுவோகாவில் இருக்கும் சைபர்கனெக்ட்2 நிறுவனம் 2021இல் 'ஹினோகாமி குரோனிக்கிள்ஸ்' கொண்டுவந்தது, 2025இல் இரண்டாம் பாகம். அனிமேயில் அலையை ஒரு கோணத்துக்கு வரைந்தால் போதும். கேமில் ஆடுகிறவர் பட்டனை எப்போது தட்டுவார், எந்தப் பக்கம் ஓடுவார் என்று யாருக்குத் தெரியும்? எப்படித் திரும்பினாலும் அந்த அலை ஹொகுசாய் அலையாகவே தெரிய வேண்டும். அதைச் செய்து காட்டியிருக்கிறார்கள்.

இதையெல்லாம் பார்க்கப் பார்க்க எனக்கு நம் ஊர் ஞாபகம்தான் பொங்குகிறது. அரங்கு, ஒலிப்பதிவு, சம்பளத்துக்குக் கலைஞர்கள் என எல்லாவற்றையும் ஓரிடத்தில் வைத்துப் படம் எடுக்கும் வித்தை சேலத்துக்குப் புதிதா என்ன? திருச்செங்கோடு ராமலிங்கம் சுந்தரம் ஏற்காடு அடிவாரத்தில் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் அதைத்தானே செய்தது! 1940இல் 'உத்தம புத்திர'னில் பி.யு.சின்னப்பாவை இரட்டை வேடத்தில் காட்டியதும், 1956இல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தைத் தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமாகத் தந்ததும் அங்கிருந்துதான். இன்று சாலையோரம் முகப்பு வளைவு நிற்கிறது.

அமானுஷ்யத்தை முதுகில் சுமக்கும் நாயகனும் நமக்குப் பழக்கமானவன்தான். தாராபுரம் பக்கத்துக் காரத்தொழுவில் பிறந்து, 1952இல் 'அம்புலிமாமா'வில் சேர்ந்த ஓவியர் சங்கர் வரைந்த விக்கிரமன் கையில் வாளோடும் தோளில் வேதாளத்தோடும் இருட்டில் நடக்கிறானே! நமக்குக் கிழக்கே நிற்கும் கொல்லிமலையிலோ, சிரித்தே ஆளைக் கொல்லும் கொல்லிப்பாவை சங்கப் பாட்டுக் காலத்திலிருந்தே காத்துக்கொண்டிருக்கிறாள். ரஃப் நோட்டில் ஸெனிட்சுவை வரையும் தம்பி, தங்கைகளே, அடுத்த பக்கத்தில் அவளை வரையுங்கள். எப்படிச் சிரிப்பாள், அறைக்குள் வந்தால் விளக்கு என்ன நிறமாகும் என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். நான் முதல் ஆளாக வாங்கிப் படிப்பேன்.

புதிதாகப் பார்க்கப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆசைப்பட்டு நேராக 19ஆவது எபிசோடுக்கு ஓடாதீர்கள். முதல் சீசனின் 26 எபிசோடுகளையும் வரிசையாகப் பாருங்கள். அப்புறம் முகென் ட்ரெயின், கேளிக்கை நகரம், வாள் செய்யும் கிராமம், ஹஷிரா பயிற்சி, கடைசியில் கோட்டை. முதல் எபிசோடிலேயே ரத்தம் உண்டு, சின்னக் குழந்தைகளைப் பக்கத்தில் உட்காரவைக்க வேண்டாம். அவசரமும் இல்லை. கோட்டைக் கதை மொத்தம் மூன்று படம், அதில் இன்னும் இரண்டு பாக்கி.