பாட்டில் இருந்தது, கேட்கத் தவறினர்: ‘ஜாய் டிவிஷன்’ குழுவின் கதை

ஆத்திரமும் வேகமும் நிறைந்த ‘பங்க்’ இசை 1970களின் பிற்பாதியில் பிரிட்டனைக் கலக்கியது. அதைத் தொடர்ந்து வந்த ‘போஸ்ட்-பங்க்’, அந்தக் கோபத்தை மனத்துக்குள் திருப்பியது. அதன் முக்கிய அடையாளங்களுள் ஒன்று ‘ஜாய் டிவிஷன்’ குழு.

1976ல் மான்செஸ்டரில் நடந்த ‘செக்ஸ் பிஸ்டல்ஸ்’ நிகழ்ச்சியைப் பார்த்த பெர்னார்ட் சம்னரும் பீட்டர் ஹுக்கும் இசைக்குழு தொடங்கினர். பாடகராக இயன் கர்டிஸும் பின்னர் டிரம்ஸ் கலைஞராக ஸ்டீஃபன் மோரிசும் சேர்ந்தனர்.

பின்னணியில் ஒலிக்கும் ‘பேஸ்’ கிட்டார் இவர்களின் பாடல்களில் மெட்டையே சுமந்தது. தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானெட் எதிரொலியையும் வெறுமையையும் சேர்த்தார். 1979ல் முதல் தொகுப்பு ‘அன்னோன் பிளஷர்ஸ்’ வெளியானது.

அந்த இசைக்கு உயிர் தந்தவை கர்டிஸின் வரிகள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் அவர் உடற்குறையுள்ளோருக்கு உதவும் பணியில் இருந்தார். அங்கு வந்த, வலிப்பு நோயுள்ள ஒரு பெண்ணின் நிலை ‘ஷீஸ் லாஸ்ட் கன்ட்ரோல்’ பாடலுக்குக் கருவானது. 1979 தொடக்கத்தில் கர்டிஸுக்கும் அதே நோய் இருப்பது உறுதியானது.

கைகளை வேகமாக உதறி ஆடுவது அவரது பாணி. அதனால் அவர் ஆடுகிறாரா, வலிப்பால் துடிக்கிறாரா என்பது ரசிகர்களுக்குச் சில நேரம் புரியவில்லை. இரவு நேர நிகழ்ச்சிகள், தூக்கமின்மை, மருந்துகளின் பக்கவிளைவு, மணவாழ்வுச் சிக்கல் என எல்லாம் சேர்ந்து அவரை வாட்டின.

குழுவின் முதல் அமெரிக்கப் பயணத்துக்கு முந்தைய நாள், 1980 மே 18ல், கர்டிஸ் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருக்கு வயது 23. இரண்டாவது தொகுப்பு ‘குளோசர்’ அதற்குப் பிறகே வெளிவந்தது. எஞ்சியவர்கள் ‘நியூ ஆர்டர்’ என்ற பெயரில் இசைப் பயணத்தைத் தொடர்ந்தனர்.

வேதனை இருந்தால்தான் நல்ல கலை பிறக்கும் என்று சிலர் சொல்வதுண்டு. கர்டிஸின் திறமை நோய் தந்ததன்று. நோய் அதைப் பாதியில் பறித்துக்கொண்டது. வரிகளில் இருந்த வலியை அப்போது கற்பனை என்றே எண்ணியதாக நண்பர்கள் பின்னாளில் வருந்தினர்.

நெருங்கியவர் பேச்சிலோ எழுத்திலோ நம்பிக்கையின்மை தெரிந்தால், நேரடியாகக் கேளுங்கள், பொறுமையாகச் செவிசாயுங்கள்.

உதவிக்கு: சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கம் - 1767 (24 மணி நேரமும்)