கழிக்கும் கோழியும் கலக்கும் சேவலும்

கடந்த மார்கழியில் ஒரே வாரத்தில் இரண்டு பெண்கள் என்னிடம் கோழியைப் பற்றிக் கேட்டார்கள்.

ஒருவர் சிதம்பரத்துக்குக் கிழக்கே, நெல் வயல்களுக்கு நடுவில் வீடு உள்ளவர். "சார், என் பெட்டைக்கோழி முட்டை விட்டு ரெண்டு மாசமாச்சு. தீனிக்குக் கேடுன்னு வீட்டுக்காரர் அறுக்கச் சொல்றாரு. எனக்கு மனசு வரல" என்றார்.

இன்னொருவர் பண்ருட்டி பக்கம் முந்திரித் தோப்பில் குடியிருப்பவர். "கொல்லையில இருபது கோழி நிக்குது சார். ஒண்ணுகூட அடைக்கு உட்கார மாட்டேங்குது. முட்டை இருக்கு, குஞ்சு இல்ல" என்றார்.

கேள்வி இரண்டாக இருந்தாலும் வேர் ஒன்றுதான். எந்தக் கோழியைக் கழிக்கிறோம், எந்தச் சேவலை வைத்துக்கொள்கிறோம் என்பதுதான் மூன்று வருடம் கழித்து நம் கொல்லையில் நிற்கப்போகும் கோழிகளைத் தீர்மானிக்கிறது.

ஆளுக்கொரு மனசு

கடலூர் மாவட்டத்தில் முப்பது வருடமாக வயலுக்குப் போகும்போதெல்லாம் வீட்டுக் கொல்லையையும் பார்த்து வருகிறேன். கோழியைக் கழிப்பதில் எல்லோருக்கும் ஒரே மனசு இல்லை.

"வளர்த்த கையால அறுக்கிறதா?" என்பவர்கள் உண்டு. பெரும்பாலும் வயதான அம்மாக்கள். கோழிக்குப் பேர் வைத்திருப்பார்கள். பணம் தேவைப்பட்டால் வியாபாரியிடம் கொடுப்பார்களே தவிர, வீட்டில் அறுத்தால் அன்றைக்குச் சாப்பிட மாட்டார்கள். சாமிக்கு நேர்ந்து விட்ட சேவல் என்றால் அதைத் தொடவே முடியாது.

"முட்டை இல்லாத கோழிக்கு எதுக்கு நொய்யரிசி?" என்று கணக்குப் பார்ப்பவர்கள் உண்டு. முட்டை நின்ற மறுவாரம் குழம்பு கொதித்துவிடும்.

பெருவிடை வளர்ப்பவர்கள் தனி ரகம். கொண்டை, மூக்கு, கால், வால் எல்லாம் பார்ப்பார்கள். கொஞ்சம் மாறினாலும் அந்தக் குஞ்சு அவர்களுக்கு வேண்டாம். கலப்பு என்றால் முகம் சுளிப்பார்கள். அடுத்த வீட்டிலோ எந்தச் சேவல் கூவினாலும் சரிதான்.

இவர்களில் யாரும் தவறில்லை. கோழியை எந்த வேலைக்காக வைத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் முடிவு மாறும். அதை யோசிக்காமல் கழிப்பதிலும் கலப்பதிலும்தான் நட்டம் வருகிறது.

பண்ருட்டியில் நடந்தது

அந்த அம்மா வீட்டு நிலைமையில் என் பங்கும் உண்டு. சில வருடங்களுக்கு முன் அந்த ஊர்க் கூட்டத்தில், "நாட்டுச் சேவலை விற்றுவிட்டு மேம்படுத்தப்பட்ட இனத்துச் சேவலை விடுங்கள், முட்டை கூடும்" என்று சொன்னவன் நான்தான்.

சொன்னது பொய்யில்லை. நாட்டுக்கோழி 12 முதல் 15 முட்டை இட்டுவிட்டு அடைக்கு உட்காரும். 21 நாள் அடை, அதன்பின் இரண்டு மூன்று மாதம் குஞ்சோடு திரியும். ஆகவே வருடத்துக்கு மூன்று நான்கு ஈடு, மொத்தம் 50, 60 முட்டைதான். ஹைதராபாத் கோழியின ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய வனராஜா 100 முட்டைக்கு மேல் இடும். கிராமப்பிரியா அதைவிடவும் அதிகம். நம் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தந்த நந்தனம் கோழியும் உண்டு.

சொல்லாமல் விட்டது இரண்டு. முதலாவது, இந்த இனங்கள் ஏன் நிறைய முட்டை இடுகின்றன என்பது. அடைக்கு உட்காரும் குணத்தைத் தலைமுறை தலைமுறையாகக் குறைத்துத்தான் முட்டையைக் கூட்டியிருக்கிறார்கள். அடை காக்கும் நாட்களும் முட்டையிடும் நாட்களாகிவிடுகின்றன. அந்தச் சேவலை விட்டால் அடை காக்காத குணமும் குஞ்சுக்கு வரும்.

இரண்டாவது, முதல் கலப்பில் பிறந்த குஞ்சுகள் நன்றாக வளரும், முட்டையும் கூடும். அவற்றுக்குள்ளேயே மறுபடி இணைந்தால் அடுத்த தலைமுறையில் குணம் சிதறும். ஒன்று பெரிதாகும், ஒன்று சவலையாகும், முட்டையும் குறையும். முதல் வருடத்தை நம்பி நாட்டுப் பெட்டைகளையெல்லாம் விற்றவர்கள் மூன்றாம் வருடம் திகைத்து நின்றார்கள்.

முந்திரித் தோப்பில் கீரியும் பருந்தும் அதிகம். பருந்து நிழல் பட்டதும் குரல் கொடுத்துக் குஞ்சை இறக்கைக்குள் இழுப்பது தாய்க்கோழிதான். தாயில்லாத குஞ்சுக்கு முதல் சில வாரம் விளக்குச் சூடும் காவலும் நாம்தான் தர வேண்டும். அந்த வேலைக்கு நேரம் உள்ள வீடு எத்தனை?

அந்த அம்மா கடைசியில் நாத்தனார் ஊரிலிருந்து இரண்டு அடைக்கோழிகளை வாரத்துக்கு வாங்கி வந்தார். பொரிந்த குஞ்சில் பாதி அவருக்கு, பாதி இவருக்கு. இப்போது அவற்றின் குஞ்சுகளில் பெட்டைகளை விற்காமல் வைத்திருக்கிறார்.

சிதம்பரத்துக் கோழி

மற்ற அம்மாவின் வீட்டுக்கு நேரில் போனேன். கோழியின் கொண்டை வெளுத்துச் சுருங்கியிருந்தது. கழுத்திலும் இறக்கையிலும் இறகு உதிர்ந்து, புது இறகு முள்ளுமுள்ளாக முளைத்திருந்தது. வயது இரண்டுதான். இது நோயில்லை, இறகு மாற்றம். உடம்புச் சத்தெல்லாம் புது இறகுக்குப் போகும்போது முட்டை நிற்கும். அடைமழையில் மேய்ச்சலும் குறைந்திருந்தது.

"தை முடியட்டும் அம்மா, அதுக்கப்புறமும் இல்லைன்னா அவர் சொல்றதைக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் கருவாட்டுத்தூளும் கரையானும் போடச் சொன்னேன். மாசி முதல் வாரத்தில் போன் வந்தது: "சார், வைக்கோல் போர்ல நாலு முட்டை!"

விரல் வைத்துப் பாருங்கள்

கோழியைப் பிடித்து ஆசனவாயின் இரு பக்கமும் உள்ள இடுப்பெலும்பைத் தடவுங்கள். இரண்டு மூன்று விரல் நுழைந்தால், ஆசனவாய் ஈரமாக அகன்றிருந்தால், முட்டையிடும் கோழி. ஒரு விரல்தான் நுழைகிறது, வறண்டிருக்கிறது என்றால் இப்போது முட்டையில்லை.

'இப்போது' என்பதைக் கவனியுங்கள். அடைக்கோழியும் இறகு உதிர்க்கும் கோழியும் இந்தச் சோதனையில் தோற்கும். இரண்டு மாத இடைவெளியில் இரண்டு முறை பார்த்து, இரண்டிலும் தோற்றால் கழிக்கலாம்.

தயங்காமல் கழிக்க வேண்டியவை: ஐந்தாறு மாதம் தாண்டிய உபரிச் சேவல்கள், முட்டையைக் கொத்திக் குடிக்கும் கோழி, தீனி தின்றும் தேறாத சவலை.

கடைசிவரை காப்பாற்ற வேண்டியவை: ஈட்டுக்கு ஈடு ஒழுங்காக அடை காத்து, அதிகக் குஞ்சு கரை சேர்க்கும் தாய்க்கோழிகள். முட்டை குறைந்தாலும் மூன்று நான்கு வயது வரை வைத்திருங்கள். பத்துக் கோழி உள்ள வீட்டில் மூன்றாவது இப்படி இருக்கட்டும். மேம்படுத்தப்பட்ட இனம் வேண்டுமென்றால் தாராளமாக வளருங்கள். கருவுற்ற முட்டையாக வாங்கி நாட்டுத் தாய்க்கு அடை வையுங்கள். அடுத்த தடவையும் புதிதாகவே வாங்குங்கள்.

ஒன்று மட்டும் கூடாது. வெள்ளைக் கழிச்சல் வந்ததும் சிலர் அவசரமாகச் சந்தையில் விற்றுவிடுகிறார்கள். அது கழிப்பதில்லை, நோயை அடுத்த ஊருக்கு அனுப்புவது. செத்ததைக் குட்டையிலோ வாய்க்காலிலோ வீசாமல் ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். நான் வேளாண்மை படித்தவன். மருந்துக்கு உங்கள் கால்நடை மருந்தகத்தைக் கேளுங்கள். ஒவ்வொரு பிப்ரவரியிலும் கால்நடை பராமரிப்புத் துறை நடத்தும் கோழிக் கழிச்சல் தடுப்பூசி முகாமைத் தவறவிடாதீர்கள்.

வாசகர் கேள்விகள்

*கோழி அடிக்கடி அடைக்கு உட்காருகிறது. தண்ணீரில் முக்கலாமா?*

வேண்டாம். மூக்கில் இறகு செருகுவதும் வேண்டாம். அடியில் காற்று போகும் மூங்கில் கூண்டில், வெளிச்சமான இடத்தில், தீனி தண்ணீரோடு நாலைந்து நாள் அடைத்தாலே தெளிந்துவிடும்.

*ஒரே சேவலை எத்தனை வருடம் வைக்கலாம்?*

எட்டு முதல் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். அதன் மகள்களே முட்டையிடத் தொடங்கும்போது மாற்றிவிடுங்கள். வேறு ஊர் உறவினரோடு சேவலுக்குச் சேவல் மாற்றினால் செலவில்லை. வந்த சேவலை 15 நாள் தனியாக வைத்துப் பார்த்து, பிறகு சேருங்கள். சிறுவிடைப் பெட்டைகளோடு கனத்த சேவலை விடாதீர்கள், முதுகு புண்ணாகும்.

*கலப்புக் கோழியை நாட்டுக்கோழி என்று விற்கலாமா?*

கூடாது. வாங்குபவர் ஒருமுறை ஏமாறுவார். மறுமுறை உண்மையான நாட்டுக்கோழியோடு நீங்கள் போனாலும் நம்ப மாட்டார். கலப்பு என்று சொல்லியே விலை பேசுங்கள்.