புகைக்கும் கணக்கெழுதும் நகரம்

உள்ளூராட்சி சபை என்றவுடன் எம்மவரிற் பலருக்கு நினைவுக்கு வருவன தெருவிளக்கும், வடிகாலும், குப்பை வண்டியுமே. உலகம் வெப்பமடைவது பற்றிய பேச்சை, அரசுத் தலைவர்கள் கூடும் மாநாடுகளுக்கு உரியதென்று விட்டுவிடுகிறோம். ஆனால் நோர்வேயின் தலைநகரான ஒஸ்லோவில் அந்தப் பேச்சு மாநகரசபையின் கணக்குப் புத்தகத்துக்குள் நுழைந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. எம்மவர் ஓட்டும் வாகனமும், செய்யும் தொழிலும், வீட்டு வாசலில் வைக்கும் குப்பைப் பையும் இன்று அந்தப் புத்தகத்தின் வரிகளாகிவிட்டன. ஆகவே அதில் என்ன எழுதப்படுகிறது என்பதை நாமும் வாசித்தறிவது அவசியமாகின்றது.

2015ஆம் ஆண்டுத் தேர்தலின் பின்னர் தொழிற்கட்சியும், சோசலிச இடதுசாரிக் கட்சியும், பசுமைக் கட்சியும் இணைந்து ஒஸ்லோவின் நிர்வாகத்தைப் பொறுப்பேற்றன. மூன்று வயதில் பெற்றோருடன் இலங்கையிலிருந்து நோர்வே வந்து சேர்ந்த ஹம்சாயினி குணரத்தினம் துணை மேயராகத் தெரிவானதும் அப்போதுதான். 2021இல் நாடாளுமன்றத்துக்குத் தெரிவாகும்வரை அவர் அப்பதவியை வகித்தார். அந்தச் சபையின் காலத்திலேயே, 2017ஆம் ஆண்டுக்கான நிதி அறிக்கையுடன் 'காலநிலை வரவு செலவுத் திட்டம்' என்ற புதிய முறை நடைமுறைக்கு வந்தது.

வாக்குறுதியும் கணக்கும்

அதன் தத்துவம் எளிமையானது. ஒரு குடும்பம் மாத வருமானத்துக்குள் செலவை அடக்குவதைப் போல, நகரம் ஓராண்டில் இவ்வளவு காபனீரொட்சைட்டைத்தான் வெளியிடலாம் என்று முன்கூட்டியே வரம்பு கட்டப்படுகிறது. அந்த வரம்புக்குள் நிற்பதற்கான ஒவ்வொரு நடவடிக்கையும் தனித்தனியே பட்டியலிடப்படுகிறது. எந்தத் திணைக்களம் பொறுப்பு, எத்தனை தொன் குறையும், எப்போது முடியவேண்டும், எவ்வளவு பணம் தேவை என்பன அதில் இடம்பெறுகின்றன. முக்கியமானது யாதெனில், இது சுற்றாடல் பகுதியின் மேசையில் மட்டும் கிடப்பதன்று. பணத்தைக் கையாளும் நிதிப் பகுதியே இதையும் கையாள்கிறது. பணம் ஒதுக்கப்படாத வாக்குறுதி வெறும் வாக்குறுதியாகவே முடியும் என்பதை அறிந்தோர் செய்த ஏற்பாடு இது.

சபை 2020இல் ஏற்றுக்கொண்ட காலநிலைத் திட்டத்தின்படி, 2009ஆம் ஆண்டின் அளவோடு ஒப்பிடுகையில் 2023இல் 52 வீதமும், 2030இல் 95 வீதமும் வெளியேற்றம் குறையவேண்டும். 2023ஆம் ஆண்டுக்கான படி எட்டப்படவில்லை. ஆனால் தவறிய அளவும் அதே கணக்கில் பதியப்படுவதால், தவறியதை யாராலும் மறைக்க முடியவில்லை. நியூயோர்க், லண்டன், மும்பாய் போன்ற மாநகரங்களும் இம்முறையைப் பின்னர் கைக்கொண்டன.

நோர்வேயின் மின்சாரத்தில் மிகப் பெரும்பகுதி நீர்வீழ்ச்சிகளிலிருந்தும் அணைக்கட்டுகளிலிருந்தும் பெறப்படுவது. எனவே ஒஸ்லோவின் புகை மின்னாலைகளிலிருந்து எழுவதன்று. அதில் ஏறக்குறையப் பாதி வீதிப் போக்குவரத்திலிருந்து வருகிறது. எஞ்சியதில் பெரும் பங்கு குப்பை எரிக்கும் ஆலைகளுக்கும், கட்டுமான இயந்திரங்களுக்கும் உரியது. வீடுகளைச் சூடாக்க எண்ணெய் எரிப்பதை நோர்வே அரசு 2020ஆம் ஆண்டின் தொடக்கத்துடன் நாடு முழுவதும் தடைசெய்துவிட்டது.

சுமை யார் தோளில்?

புகையைக் குறைப்பதற்குச் சபை தொட்ட இடங்கள் எம்மவரின் அன்றாட வாழ்வுக்கு மிக நெருங்கியவை. நகர மையத்தில் 700க்கும் மேற்பட்ட வாகனத் தரிப்பிடங்கள் அகற்றப்பட்டன. வீதிச் சுங்கம் 2017இலும் 2019இலும் மாற்றியமைக்கப்பட்டது. டீசல் வாகனத்துக்கு அதிகமும், காலை மாலை நெரிசல் வேளைகளில் மேலும் அதிகமும் அறவிடப்பட்டது. வாடகைக் கார்கள் 2024 நவம்பர் முதல் புகையற்றவையாக இருக்கவேண்டும் என்ற விதியும் வந்தது.

இவற்றின் நன்மைகள் கண்முன்னே தெரிவன. 2019ஆம் ஆண்டு முழுவதிலும் ஒஸ்லோ வீதிகளில் பாதசாரியோ மிதிவண்டியோட்டியோ ஒருவர்கூட விபத்தில் உயிரிழக்கவில்லை. நெசொடன் தீபகற்பத்துக்குச் செல்லும் பயணிகள் படகுகள் மின்கலத்தில் ஓடுகின்றன. எம்மவர் பலர் வாழும் குரூருடாலன் பள்ளத்தாக்கை ஊடறுத்துப் பெருஞ்சாலைகள் செல்கின்றன; நாட்டின் மிகப் பெரிய சரக்கு முனையமும் அங்குதான் உள்ளது. அங்கு வளரும் குழந்தைகளுக்குப் புகை குறைவது மாநாட்டுச் செய்தியன்று. மூச்சோடு தொடர்புடைய விடயம்.

எனினும் இச்சுமை அனைவர் தோளிலும் ஒரே அளவில் ஏறுவதில்லை. புதிய மின்சாரக் காரை வாங்க வசதியுள்ளவர் மாற்றத்தை எளிதில் கடந்துவிடுகிறார். பழைய டீசல் காரில் அதிகாலையில் துப்புரவுப் பணிக்குச் சென்று, பிற்பகலில் வேறொரு வேலைக்கு ஓடுபவர், சுங்கச் சாவடியை ஒரு நாளில் எத்தனை முறை கடக்கிறார் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். 2019 உள்ளூராட்சித் தேர்தலில் சுங்கத்தை எதிர்ப்பதற்கென்றே எழுந்த கட்சி ஒஸ்லோவில் ஆசனங்களைப் பெற்றது. அந்தக் கோபத்தை அறியாமை என்று ஒதுக்குவது நீதியாகாது. அதே தேர்தலில் பசுமைக் கட்சியின் வாக்குகளும் பெருகின என்பது நாணயத்தின் மறுபக்கம்.

கிளேமெட்ஸ்ரூட் தரும் பாடம்

கணக்கில் எழுதுவது எவ்வளவு எளிது, நிறைவேற்றுவது எவ்வளவு கடிது என்பதற்கு நகரின் தென்கிழக்கிலுள்ள கிளேமெட்ஸ்ரூட் ஆலை சான்றாகும். ஒஸ்லோவின் குப்பை அங்கு எரிக்கப்பட்டு, அவ்வெப்பம் குழாய்வழியே வீடுகளுக்குச் செல்கிறது. குப்பையில் கலந்துள்ள பிளாஸ்ரிக், எண்ணெயிலிருந்து பிறந்தது; அது எரியும்போது எண்ணெய் எரிவதற்கு ஒப்பான தீங்கு நேர்கிறது. புகைபோக்கியிலேயே காபனீரொட்சைட்டைப் பிடித்து, கப்பலில் மேற்குக் கரைக்குக் கொண்டுசென்று, வடகடலின் அடித்தளத்துக்குக் கீழே 2,600 மீற்றர் ஆழத்தில் அடைப்பது திட்டம். 2022இல் தொடங்கிய பணி, செலவு மதிப்பீட்டை மீறியதால் 2023 ஏப்பிரலில் நிறுத்தப்பட்டது. செலவு மீளாய்வு செய்யப்பட்டு 2025 ஜனவரியில் மீண்டும் தொடங்கியது. 2029இல் இயங்கத் தொடங்கி, ஆண்டுக்கு 350,000 தொன் வரை பிடிக்கும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. பெரும் எந்திரம் வரும்வரை சிறு கடமை எம் கையில் இருக்கிறது. உணவுக் கழிவைப் பச்சைப் பையில் பிரித்து வைத்தால் அது எரிவாயுவாகவும் உரமாகவும் மாறுகிறது; பிளாஸ்ரிக்கைப் பிரித்து வைத்தால் அது உலைக்குச் செல்லாது.

இக்கணக்குக்கு வெளியே நிற்பவையும் உள. நோர்வே கடலிலிருந்து எடுத்து விற்கும் எண்ணெய் பிறநாடுகளில் எரியும்போது எழும் புகை ஒஸ்லோவின் ஏட்டில் இல்லை. நாம் கொழும்புக்கும் சென்னைக்கும் பறக்கும் விமானங்களின் புகையும் இல்லை. ஆகவே இது முழுமையான கணக்கன்று. எனினும் கேள்வி கேட்பதற்கு இடமளிக்கும் கணக்கு.

அக்கேள்வியைக் கேட்கும் உரிமை எம்மவரிற் பலருக்கும் உண்டு. நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கக் குடியுரிமை வேண்டும். உள்ளூராட்சித் தேர்தலுக்கோ, 18 வயது நிரம்பி, குடிசனப் பதிவேட்டில் தொடர்ச்சியாக மூன்று ஆண்டுகள் பதிவுபெற்று வாழும் வெளிநாட்டவருக்கும் வாக்குண்டு. 1983 முதல் இருந்துவரும் உரிமை இது. 2023இல் ஆட்சி வலதுசாரிகளின் கைக்கு மாறிய பின்பும் காலநிலைக் கணக்கு கைவிடப்படவில்லை. அடுத்த உள்ளூராட்சித் தேர்தல் 2027இல் வருகிறது. சுங்கம் உயர்ந்தபின் வீட்டுக்குள் முணுமுணுப்பதால் எதுவும் மாறாது. வேட்பாளர் எமது மண்டபங்களுக்கு வாக்குக் கேட்டு வரும்போது இரண்டு கேள்விகளை அவர்முன் வைப்போம்: இத்திட்டத்தால் எத்தனை தொன் குறையும்? அதன் செலவில் அதிகாலைப் பணிக்குச் செல்பவரின் பங்கு எவ்வளவு? இரண்டுக்கும் ஒருங்கே விடை சொல்பவருக்கே எம் வாக்கு உரியதாகட்டும்.