நிலநடுக்கத் தாங்குதிற வடிவமைப்பில் மண்ணியல்பு அளவீடு: தாமிரபரணி வடிநிலத்தை முன்வைத்து

திறவுச்சொற்கள்: நிலநடுக்கம், வண்டல், ஊடுருவல் எண், குறுக்கலை வேகம், ஆழ்வார்திருநகரி

முன்னுரை

ஆழ்வார்திருநகரி தாமிரபரணியின் தென்கரையில் அமைந்த ஊர். வாய்க்கால்களும் நெல், வாழை வயல்களும் சூழ்ந்த இந்நிலம் ஆறு கொண்டுவந்து சேர்த்த வண்டலாலும் மணலாலும் ஆனது. பாண்டியர் துறைமுகமாக விளங்கிய கொற்கை இன்று கடலைவிட்டுச் சில கிலோமீட்டர் உள்ளே இருப்பது, கழிமுகப் படிவு எத்துணை அண்மைக்காலத்தது என்பதைக் காட்டும். ஸ்ரீவைகுண்டத்தை அடுத்த ஆதிச்சநல்லூர்ப் பரம்போ இறுகிய மேட்டு நிலம். திருச்செந்தூர்ப் பக்கம் செம்மணல் தேரி. மண் இவ்வாறு வேறுபடினும், ஐ.எஸ். 1893 விதித்தொகுப்பின் 2016ஆம் ஆண்டுப் பதிப்பில் இவ்வட்டாரம் முழுதும் இரண்டாம் மண்டலமே. அதாவது மிகக் குறைந்த இடருடைய மண்டலம். அவ்வகைப்பாடு தரும் நிம்மதி எந்த அளவுக்குச் சரி என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

மண்டலமும் மண்ணும்

மேற்கண்ட விதித்தொகுப்பு இரண்டாம் மண்டலத்திற்கு 0.10, சென்னை அடங்கிய மூன்றாம் மண்டலத்திற்கு 0.16 என மண்டலக் காரணிகளைத் தருகிறது. இவற்றோடு பெருக்கப்படும் முடுக்கக் குணகம் மண்வகையையும் கட்டடத்தின் அலைவு நேரத்தையும் பொறுத்தது. அலைவு நேரம் ஒரு நொடியாக உள்ள, ஏறத்தாழப் பத்து மாடிக் கட்டடம் ஒன்றைக் கொள்வோம். பாறை அல்லது கடின மண்ணில் அதன் குணகம் 1.00, நடுத்தர மண்ணில் 1.36, மென்மண்ணில் 1.67. ஆகவே இரண்டாம் மண்டலத்து மென்மண்ணில் பெருக்குத்தொகை 0.167, மூன்றாம் மண்டலத்துப் பாறையில் 0.16. பிற காரணிகள் சமமெனின், சென்னையில் பாறைமேல் நிற்கும் கட்டடத்தைவிடத் தாமிரபரணிக் கரையின் மென்மண்ணில் நிற்கும் கட்டடம் சற்றுக் கூடுதலான விசைக்கு வடிவமைக்கப்படவேண்டும். வரைபடத்தின் நிறத்தை மட்டும் பார்ப்போர் இதைக் காணமாட்டார். தாழ்ந்த கட்டடங்களுக்கு இவ்வேறுபாடு இல்லை, 0.40 நொடி வரை மூவகை மண்ணுக்கும் குணகம் 2.5 என்றே விதி கூறுகிறது.

மண் அதிர்வைப் பெருக்கும் என்பது ஏட்டளவிலான செய்தியன்று. 1985 செப்டம்பர் 19இல் மெக்சிகோ நகரம், நிலநடுக்க மையத்திலிருந்து 350 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தும், பழைய ஏரிப்படுகையின் களிமண்ணால் பேரழிவுற்றது. 2001 ஜனவரி 26இல் பூஜ் நிலநடுக்கத்தின்போது, ஏறத்தாழ 250 கிலோமீட்டர் தொலைவில் சபர்மதி வண்டலின்மேல் அமைந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் சரிந்தன. கட்டுமானக் குறைகளும் அங்குப் பங்கு வகித்தன. எனினும் மண்ணின் பங்கை ஒதுக்க இயலாது.

எதை அளப்பது?

நம் நாட்டில் பெரிதும் வழங்குவது தர ஊடுருவல் சோதனை. துளையின் அடியில் வைத்த மாதிரிக்குழாயின்மீது 63.5 கிலோ எடை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழச்செய்யப்படும். முதல் 15 செ.மீ. கணக்கில் வராது, அடுத்த 30 செ.மீ. இறங்கத் தேவையான அடிகளின் எண்ணிக்கையே ஊடுருவல் எண். பொதுவாக இது 10க்குக் கீழாயின் மென்மண், 30க்கு மேலாயின் கடின மண். எளிய சோதனைதான், ஆனால் அடிக்கும் ஆற்றல் கருவிக்குக் கருவி மாறும். மேலும், இது மண்ணை உடைத்து அறியும் வலிமை. நில அதிர்வு மண்ணின் வழியே எவ்வாறு செல்லும் என்பதை நேராகச் சொல்லாது.

அதைச் சொல்வது குறுக்கலை வேகம். மண்ணின் அடர்த்தியை இவ்வேகத்தின் இருமடியால் பெருக்கினால் சிறுதிரிபு நிலையிலான விறைப்புக் குணகம் கிடைக்கும். மண்படிவத்தின் இயல்பான அலைவு நேரமோ, தடிமனின் நான்கு மடங்கை இவ்வேகத்தால் வகுத்துப் பெறப்படும். 20 மீட்டர் வண்டலில் வேகம் நொடிக்கு 200 மீட்டர் எனில் விடை 0.4 நொடி, நான்கு மாடிக் கட்டடத்தின் அலைவு நேரமும் ஏறத்தாழ அதுவே. இரண்டும் ஒன்றும்போது ஒத்ததிர்வு நிகழும்.

இவ்வேகத்தை அளக்கத் துளை தேவையில்லை. நிலத்தின்மேல் ஜியோபோன்களை வரிசையாக நட்டு, சம்மட்டியால் தட்டி, எழும் ரேலே அலைகளின் வேகம் அதிர்வெண்ணுக்கேற்ப மாறுவதைப் பதிந்து, அதிலிருந்து அடுக்குகளின் வேகம் கணிக்கப்படுகிறது. கோயில் வளாகம், மாடவீதி போன்ற தோண்டலாகாத இடங்களுக்கு இதுவே உகந்தது. 1989இல் நாகமுரா விளக்கிய நுண்ணதிர்வு முறை இன்னும் எளிது: கிடை, செங்குத்து அதிர்வுகளின் விகிதம் படிவத்தின் அதிர்வெண்ணைக் காட்டும். பேருந்தும் மேளமும் ஓய்ந்த நள்ளிரவே அதற்கு ஏற்ற வேளை.

சென்னை தரும் பாடம்

சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் உமா மகேஸ்வரி, பூமிநாதன், தொடகௌடர் ஆகியோர் 2010இல் வெளியிட்ட கட்டுரை, சென்னை மண்ணுக்கு இவ்விரு அளவுகளையும் இணைத்தது. ஊடுருவல் எண்ணை 0.301 அடுக்குக்கு உயர்த்தி 95.64ஆல் பெருக்கினால் வேகம் நொடிக்கு மீட்டரில் கிடைக்கும். எண் 10 எனில் ஏறத்தாழ 191. எண் 30 எனில் 266. இச்சமன்பாட்டை அப்படியே தாமிரபரணிக்குக் கொண்டுவருதல் முறையன்று. களிமண்ணுக்கும் மணலுக்கும் அவர்களே தனித்தனிச் சமன்பாடுகள் கண்டனர் என்பது கருதத்தக்கது.

தாமிரபரணிக் கரையில் இன்னொரு கேள்வியும் உண்டு. நீர் தோய்ந்த தளர்மணல் அதிர்வில் வலுவிழந்து நீர்மம்போல் ஆகும். 2001இல் கட்சுப் பகுதியில் இது பரவலாகக் காணப்பட்டது. அத்தகைய நிகழ்வுக்கு வலுவான அதிர்வு வேண்டும். இங்கு அதன் வாய்ப்புக் குறைவு. ஆயினும் பாலம், மருத்துவமனை போன்றவற்றுக்கு நிலத்தடி நீர்மட்டத்தைக் கோடையில் மட்டும் அளந்து முடிவு செய்வது பிழையாகும். வாய்க்காலில் நீர் ஓடும் மாதங்களிலும், 2023 டிசம்பர் வெள்ளம் போன்ற நாள்களுக்குப் பின்னும் மட்டம் வேறு.

பெருஞ்செலவின்றித் தொடங்க ஒரு வழி உண்டு. ஆழ்வார்திருநகரி ஆற்றங்கரையிலிருந்து தெற்கே தேரி வரை ஒரே கோட்டில் குறுக்கலை வேகத்தை அளந்து, அக்கோட்டிலேயே சில துளைகளில் ஊடுருவல் எண்ணையும் பதிந்தால், இவ்வடிநிலத்துக்கே உரிய சமன்பாட்டின் முதல் வடிவம் கிடைக்கும். பாலங்களுக்கும் நீர்த்தேக்கத் தொட்டிகளுக்கும் முன்னரே இடப்பட்ட துளைகளின் பதிவேடுகளைத் திரட்டினால், புதிய துளைகளின் எண்ணிக்கையும் குறையும்.